பூட்டிய விடுதியும் ஓயாத தேர்வும்

இந்தியாவில் கொரோனா தொற்று முதன்முதலில் உறுதியான மூன்று பேரும் மாணவர்கள். சீனாவின் வூஹான் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர்கள், ஊர் திரும்பிய இடம் கேரளம். 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் முதல் தொற்று. அடுத்த சில நாட்களில் ஆலப்புழையிலும் காசர்கோட்டிலும் ஒவ்வொன்று. அந்த வாரத்திலேயே ஏர் இந்தியாவின் இரண்டு விமானங்கள் வூஹானிலிருந்து 640-க்கும் மேற்பட்ட இந்தியர்களை டெல்லிக்கு அழைத்து வந்தன. அவர்களிலும் பெரும்பாலோர் மாணவர்களே. பெருந்தொற்றின் கதை இந்தியாவில் ஒரு பல்கலைக்கழக விடுதியிலிருந்து ஓடி வந்தவர்களோடு தொடங்கியது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் கதவு மூடியது அதற்கு ஆறு வாரம் கழித்து. மார்ச் 31 வரை கல்வி நிலையங்கள் எல்லாவற்றையும் மூடும்படி 2020 மார்ச் 16 அன்று மாநில அரசு அறிவித்தது. இரண்டு வாரம்தானே என்று இரண்டு மூன்று உடுப்புகளை மட்டும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறியவர்கள் ஏராளம். புத்தகம், ரெக்கார்டு நோட்டு, சான்றிதழ் வைத்த பெட்டி எல்லாம் அறையிலேயே இருந்தன. மார்ச் 24 நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. இறுதியாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் அதன்பின் மாணவராக அந்த வளாகத்தை மிதிக்கவே இல்லை.

2019 ஜூனில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொண்டால், அந்தத் தலைமுறை இழந்தது எவ்வளவு என்பது விளங்கும். ஒன்பது மாதம் வகுப்பில் உட்கார்ந்தார், வெளியே அனுப்பப்பட்டார். 2021 பிப்ரவரி 8 அன்று எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரி திறந்தபோது திரும்பினார். மார்ச்சில் இரண்டாம் அலை தலைகாட்டியதும் மீண்டும் வீடு. 2021 செப்டம்பர் 1-ல் திரும்பினார். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் பரவலால் மறுபடியும் அனுப்பப்பட்டார். பிப்ரவரி 1-ல் மூன்றாவது முறையாக வந்து, சில மாதங்களில் பட்டத்தோடு வெளியேறினார்.

இந்த இரண்டு ஆண்டுகளில் அரசும் பல்கலைக்கழகங்களும் நீதிமன்றங்களும் ஊடகங்களும் மாணவர்களைப் பற்றி ஓயாமல் பேசின. பேசப்பட்டது பெரும்பாலும் தேர்வு. நடத்துவதா, ரத்து செய்வதா, ஆன்லைனா, நேரடியா, தேறாமல் நிற்கும் அரியர் பாடங்களுக்கு என்ன தீர்வு? மாணவருக்கு அன்றாடம் தேவைப்பட்டவையோ வேறு. மூன்று வேளைச் சாப்பாடு, படிக்க ஓர் இடம், தனக்கென்று ஒரு போன், கட்டணத்துக்குப் பணம், மனம் விட்டுப் பேச ஓர் ஆள். தேர்வுக்குக் கிடைத்த கவனத்தில் பாதியாவது இவற்றுக்குக் கிடைத்திருந்தால் எத்தனையோ பேரின் படிப்பு அரைகுறையாகாமல் தப்பியிருக்கும்.

விடுதி என்பது என்ன?

2019–20 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 51.4 சதவீதம்; இந்திய அளவில் 27.1. கல்லூரி செல்லும் வயதில் உள்ளவர்களில் ஏறத்தாழ இருவருக்கு ஒருவர் என்ற இந்த நிலை தானாக வந்ததல்ல. சிறு நகரங்களுக்கும் போய்ச் சேர்ந்த அரசு கலைக் கல்லூரிகள், தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010 முதல் தரப்படும் கல்விக் கட்டணச் சலுகை, ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் விடுதிகள் எல்லாம் சேர்ந்து எழுப்பிய கட்டடம் அது.

அதில் விடுதியின் பங்கை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டுகளில் அரசு நல விடுதியில் ஒரு கல்லூரி மாணவரின் உணவுக்கு மாதம் 1,100 ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 40 ரூபாய்கூட இல்லை. ஆனாலும் அந்தச் சாப்பாட்டை நம்பியே வந்தவர்கள் உண்டு. கூரை வீட்டிலோ ஒற்றை அறை வாடகை வீட்டிலோ வளர்ந்த பிள்ளைக்கு விடுதிதான் ராத்திரி பத்து மணிக்குமேலும் விளக்கெரியும் முதல் இடம். நாலு பேர் கூடப் படிக்கும் இடம். பெண்களுக்கு இன்னும் ஒரு படி மேலே: வீட்டு வேலையும் கல்யாணப் பேச்சும் எட்டாத தூரம்.

விடுதி பூட்டியதும் இவ்வளவும் ஒரே நாளில் போயின. வீடு திரும்பிய நேரத்தில் அந்த வீட்டிலும் வருமானம் நின்றுபோயிருந்தது. கட்டட வேலை இல்லை, பனியன் கம்பெனி இல்லை, ஓட்டல் இல்லை, ஆட்டோ ஓடவில்லை. சாப்பிட ஒரு வாய் கூடியது. சம்பாதிக்க ஒரு கையும் கூடட்டும் என்று குடும்பம் நினைத்ததில் குற்றம் காண முடியாது. நூறு நாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் காய்கறி வண்டிக்கும் உணவு டெலிவரிக்கும் மாணவர்கள் போனார்கள். மாதம் பத்தாயிரம் கையில் வரத் தொடங்கியபின் கல்லூரி திறந்தும் திரும்பாமல் போனவர்களைப் பற்றி ஆசிரியர்கள் இன்றும் சொல்கிறார்கள். பெண்களில் பலருக்குத் தாலி ஏறியது. அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் சில மாதம் நீடித்தது.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் அரசு சரியாக யோசித்தது. சத்துணவுக் கூடம் மூடியிருந்த மாதங்களில் அரிசியும் பருப்பும் முட்டையும் பிள்ளைகளின் கைக்கு உலர் பொருளாகக் கொடுக்கப்பட்டன. அதே யோசனையைக் கல்லூரி விடுதிகளுக்கும் நீட்டியிருக்க வேண்டும். விடுதியில் இருந்தால் செலவாகும் 1,100 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் போயிருக்கலாம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 'நீ இன்னும் மாணவன்தான்' என்று வீட்டாருக்கு முன்னால் சொல்லும் ஒரு சாட்சியாக அது இருந்திருக்கும்.

காலியான விடுதிக் கட்டடங்களுக்கு வேறு பயன் வந்தது. 2020 ஜூனில் சென்னையில் தொற்று உச்சத்துக்கு ஏறியபோது தனிமைப்படுத்தும் மையத்துக்காக அண்ணா பல்கலைக்கழக விடுதிகளை ஒப்படைக்கும்படி சென்னை மாநகராட்சி கேட்டது. மாநிலம் முழுவதும் பல கல்லூரி விடுதிகள் இப்படிக் கொரோனா சிகிச்சை மையங்களாயின. நகரத்துக்கு அது தேவைப்பட்டது, மறுக்க முடியாது. ஆனால் அறைகளில் மாணவர்கள் பூட்டிவிட்டுப் போன உடைமைகள் இருந்தன. போக்குவரத்தே இல்லாத நாட்களில், மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்ட நாட்களில், அவற்றை எடுத்துக்கொள்ள எப்படி வருவது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் பொறுப்பாக நியமிக்கப்படவில்லை.

ஒரு போன், மூன்று பிள்ளைகள்

வகுப்பு ஆன்லைனுக்கு மாறியது. கூகுள் மீட், ஜூம், வாட்ஸ்அப் குரூப். இதற்கு வீடுகள் எவ்வளவு தயாராக இருந்தன என்பதை, பெருந்தொற்றுக்கு முன்பே எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று (2017–18) சொல்லியிருந்தது. இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில், நகர்ப்புறத்தில் 23.4. இணைய வசதி கிராமத்தில் 14.9 சதவீதம், நகரத்தில் 42. தமிழ்நாட்டின் நிலை சில அளவுகளில் மேலானதாக இருக்கலாம். ஆனாலும் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் போன் என்பதே பரவலான நிலை.

அந்த ஒரு போனில் பத்தாம் வகுப்புத் தம்பிக்கும் பாடம், பி.எஸ்சி. அக்காவுக்கும் பாடம். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கொல்லிமலை, ஜவ்வாது மலை, சத்தியமங்கலம் காட்டோரத்து ஊர்களில் டேட்டா இருந்தும் சிக்னல் இருக்காது. பாறை மேலும் மேட்டுக் காட்டிலும் போய் நின்று அட்டெண்டன்ஸ் சொன்னார்கள். கேமராவைப் போடச் சொல்லும் ஆசிரியரிடம், வீட்டைக் காட்டக் கூச்சப்பட்டு, 'நெட் ஸ்லோ சார்' என்று சொன்னவர்களும் உண்டு. அந்தக் கூச்சம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராதது.

நிலைமையை முதலில் புரிந்துகொண்டவர்கள் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளின் ஆசிரியர்கள். நேரலை வகுப்பைக் குறைத்துக்கொண்டு, பாடத்தைப் பத்து நிமிடக் குரல் பதிவுகளாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கையெழுத்துக் குறிப்பைப் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கினார்கள். இரவு ஒன்பது மணிக்கு, அப்பாவின் போன் வீடு திரும்பிய பிறகு, சந்தேகம் கேட்கும் நேரம் வைத்துக்கொண்டார்கள். ஐஐடிகளின் என்பிடெல் காணொளிகளும் மத்திய அரசின் ஸ்வயம் தளமும் பல ஆண்டுகளாகவே இருந்தவை. ஆங்கிலம் கைவந்தவர்களுக்கு அவை உதவின. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆசிரியரின் குரல் பதிவுதான் பாடநூலாக இருந்தது.

அரசின் பெரிய உதவி 2021 ஜனவரி 10 அன்று அறிவிக்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும், உதவித்தொகை பெற்று சுயநிதிக் கல்லூரிகளிலும் படிக்கும் 9,69,047 பேருக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு. நல்ல திட்டம், சரியான பயனாளிகள். ஆனால் ஊரடங்கு தொடங்கி பத்தாவது மாதத்தில் வந்தது. அறிவிப்பு வந்து ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி 8-ல், கல்லூரியே திறந்துவிட்டது. இரண்டாம் அலை முழு மூச்சாய் அடித்து மே 10-ல் முழு ஊரடங்கு வந்தபோது கார்டின் காலம் முடிந்திருந்தது.

இதோடு ஒப்பிட வேண்டியது 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். பெருந்தொற்றை நினைத்து யாரும் அதைத் தொடங்கவில்லை. ஆனால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை முடித்து வந்த பிள்ளைகளிடம் அந்த மடிக்கணினி இருந்தது. பேட்டரி நிற்காவிட்டாலும் பிளக்கில் மாட்டினால் ஓடியது. அவசரத்தில் அறிவித்த உதவியைவிட, சாதாரண நாளில் கொடுத்து வைத்த உதவியே ஆபத்தில் கைகொடுத்தது.

செய்முறைப் படிப்புகளின் இழப்பை எந்தக் கருவியும் ஈடுகட்டவில்லை. வேதியியல் மாணவர் பியூரெட்டைத் தொடாமல் டைட்ரேஷனை வீடியோவில் பார்த்தார். இயந்திரவியல் மாணவர் லேத்தில் நிற்காமல் ரெக்கார்டு எழுதினார். ஆய்வு மாணவர்களின் நிலை தனி: ஆய்வகத்தில் வளர்த்துவந்த செல்களும் செடிகளும் மடிந்தன, களப்பணி நின்றது. எம்.ஃபில்., பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆறு மாத நீட்டிப்பும் வாய்மொழித் தேர்வைக் காணொளியில் நடத்தும் அனுமதியும் 2020 ஏப்ரல் இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொடுத்தது. நீட்டிப்பு தேவையானதுதான், ஆனால் கால நீட்டிப்பு அந்த மாதங்களின் சோற்றுக்கு வழி சொல்வதில்லை.

அரியர் அரசியல்

தேர்வுப் பிரச்சினையின் வரலாறு நீண்டது. சுருக்கமாகவேனும் வரிசைப்படி சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 29 அன்று வந்த யுஜிசி வழிகாட்டுதல், இடைநிலை ஆண்டு மாணவர்களுக்கு அக மதிப்பீட்டில் பாதி, முந்தைய செமஸ்டரில் பாதி என்று மதிப்பெண் தரலாம் என்றது. ஜூலை 6-ல் வந்த திருத்தம், இறுதியாண்டுத் தேர்வைச் செப்டம்பர் முடிவதற்குள் நடத்தியே ஆகவேண்டும் என்றது. பல மாநிலங்கள் எதிர்த்தன. மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு, இறுதித் தேர்வு இல்லாமல் மாநிலங்கள் தேர்ச்சி அளிக்க முடியாது, அவகாசம் வேண்டுமானால் யுஜிசியிடம் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 26-ல், தமிழ்நாட்டில் வேறொரு அறிவிப்பு வெளியாகியிருந்தது. இறுதி செமஸ்டர் தவிர, அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்த எல்லோருக்கும் தேர்வு ரத்து, தேர்ச்சி என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். சில ஊர்களில் அவரைப் புகழ்ந்து சுவரொட்டிகள் எழுந்தன. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் வரவிருந்தது என்பதையும் அன்றைய ஊடகங்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) இந்த அறிவிப்பை ஏற்கவில்லை. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தேர்வே நடத்தாமல் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. எட்டு மாதம் ஒரு மாணவர் தான் தேர்ச்சி பெற்றவரா, பெறாதவரா என்று தெரியாமல் இருந்தார்.

அரியர் மாணவர்களைச் சோம்பேறிகள் என்று ஏளனம் செய்த குரல்கள் அப்போது நிறைய. அது நியாயமில்லை. தமிழ் வழிப் பள்ளியிலிருந்து பொறியியலுக்கு வந்து, முதல் வருடக் கணிதத்தில் விழுந்து, எழுந்திருக்கக் கைகொடுப்பார் யாருமில்லாமல் அரியரைச் சுமந்தவர்கள் அதில் கணிசம். அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்தப் பாடத்தை மறுபடி சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பு. கிடைத்தது ஓர் அரசாணையும் ஒரு வழக்கும்.

இறுதியாண்டுத் தேர்வு 2020 செப்டம்பரில் நடந்தது. வினாத்தாளைப் பதிவிறக்கி, ஏ4 தாளில் எழுதி, படம் பிடித்து ஏற்ற வேண்டும். முடியாதவர்கள் அஞ்சலில் அனுப்பலாம் என்று சில பல்கலைக்கழகங்கள் வழிவிட்டன. பிரவுசிங் சென்டர் வாசலிலும் தபால் நிலைய வாசலிலும் விடைத்தாள் கட்டோடு வரிசை நின்றது. அண்ணா பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது: ஒரு மணி நேரம், கொள்குறி வினாக்கள், கேமராவும் மைக்கும் வழியாகச் செயற்கை நுண்ணறிவின் கண்காணிப்பு.

இந்தக் கண்காணிப்பு முறை மாணவர் ஆதரவு என்ற பேச்சுக்கே நேர் எதிரானது. தனி அறை உள்ள வீட்டை மனத்தில் வைத்து வடிவமைத்த மென்பொருள் அது. பின்னால் யாராவது நடந்தால், பக்கத்தில் குழந்தை அழுதால், கரண்ட் போய் வெளிச்சம் குறைந்தால் சந்தேகக் குறி விழும் என்ற பயத்தோடு எழுத வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் இதே முறையில் நடந்த செமஸ்டர் தேர்வின் ரிசல்ட் ஏப்ரலில் வந்தபோது பெரும் எண்ணிக்கையினர் தேர்ச்சி பெறவில்லை. பலரின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. எதற்காக நிறுத்தினார்கள் என்று கேட்கவும் வளாகம் திறந்திருக்கவில்லை. மே மாதம் புதிய அரசு பொறுப்பேற்றதும் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். சரியான முடிவு அது.

2021 நவம்பரில் கல்லூரிகள் நேரடித் தேர்வுக்குத் தயாரானபோது மதுரையிலும் வேறு நகரங்களிலும் மாணவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். வகுப்பை ஆன்லைனில் நடத்திவிட்டுத் தேர்வை நேரில் வைப்பதா என்பது அவர்கள் கேள்வி. தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஒமைக்ரான் வந்து அதுவும் ஆன்லைனாயிற்று. படிக்காமல் பாஸாகப் பார்க்கிறார்கள் என்று திட்டியவர்கள், அந்தப் பிள்ளைகள் ஒன்றரை ஆண்டாக ஒரு முழுப் பாடத்தையும் நேரில் கேட்கவில்லை என்பதை மறந்துவிட்டார்கள்.

பணம்

கட்டண விஷயத்தில் யுஜிசி ஒரு நல்ல காரியம் செய்தது. 2020 சேர்க்கையில் நவம்பர் 30-க்குள் விலகும் மாணவருக்குக் கட்டிய கட்டணம் முழுவதையும் திருப்பித்தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் விலகாமல் தொடர்ந்து படித்தவர்களின் சுமை அப்படியே நின்றது. சுயநிதிக் கல்லூரிகளில் கட்டணம் கட்டினால்தான் ஆன்லைன் வகுப்பின் லிங்க் வரும், கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்ற புகார்கள் நிறைய எழுந்தன. அதே கல்லூரிகளில் ஆசிரியர்களுக்குப் பாதிச் சம்பளம்தான், சில இடங்களில் அதுவும் இல்லை. பிஎச்.டி. முடித்த ஆசிரியர்கள் வயல் வேலைக்கும் கடை வேலைக்கும் போன செய்திகள் அந்த ஆண்டில் வந்துகொண்டே இருந்தன. வகுப்பெடுப்பவரின் அடுப்பு எரியாதபோது மாணவருக்கு அவர் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வேறொரு நெடுங்கதை. மத்திய அரசு தன் பங்கை ஆண்டுக்காண்டு சுருக்கி, சுமையின் பெரும்பகுதியை மாநிலங்களின் மேல் ஏற்றியிருந்தது. 2020 டிசம்பர் 23 அன்று மத்திய அமைச்சரவை, ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பில், 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம் என்று அதை மாற்றியமைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஏழை மாணவர்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகளில் நீண்ட நாள் பயன் தருவது இதுவே. அதற்கு ஊடகத்தில் கிடைத்த இடம், அரியர் ரத்துக்குக் கிடைத்ததில் ஒரு மூலைகூட இல்லை.

பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் இருந்தார்கள். 2021 மே 29 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின், தாய் தந்தை இருவரையும் கொரோனாவுக்குப் பறிகொடுத்த குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு, பட்டப்படிப்பு வரை கல்வி, விடுதிச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். படிப்பையும் விடுதியையும் ஒன்றாக நினைத்துப் பார்த்த அரிய அறிவிப்பு அது.

மருத்துவ மாணவர்களும் கடல் தாண்டியவர்களும்

எல்லா மாணவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது வெளியே இழுக்கப்பட்டவர்கள் மருத்துவ மாணவர்கள். ஹவுஸ் சர்ஜன்களும் முதுநிலை மாணவர்களும் கொரோனா வார்டில் பாதுகாப்பு உடைக்குள் மணிக்கணக்கில் நின்றார்கள். 2021 மே மாதம் அரசு மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை அறிவித்தபோது பயிற்சி மருத்துவர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் 20,000 ரூபாய் சேர்க்கப்பட்டது. அவர்கள் பயிற்சியே ஒரு நோயோடு முடிந்துபோனதால், அறுவை சிகிச்சை அரங்கில் கற்க வேண்டியவை குறைந்தன; அந்தக் குறையை ஊக்கத்தொகை நிரப்பாது.

சீனாவில் படித்தவர்களின் கதி இன்னும் மோசம். 2020 மார்ச் 28 முதல் சீனா வெளிநாட்டவரின் நுழைவை நிறுத்தியது. 20,000-க்கும் அதிகமான இந்திய மாணவர்கள் இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் தங்கள் ஊரில் உட்கார்ந்து போனில் உடற்கூறியல் கேட்டார்கள். மாணவர் விசா மீண்டும் தொடங்கியது 2022 ஆகஸ்டில். தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் கடன் வாங்கிப் பிள்ளையைச் சீனாவுக்கு அனுப்பிய குடும்பங்கள், வட்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு ஒரு வாரம் மட்டும் நீடித்த பேரதிர்ச்சி: முழுக்க ஆன்லைனில் படிப்பவர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று 2020 ஜூலை 6-ல் வந்த உத்தரவு, ஹார்வர்டும் எம்ஐடியும் தொடுத்த வழக்கால் ஜூலை 14-ல் திரும்பப் பெறப்பட்டது. தங்கள் மாணவருக்காகத் தங்கள் பெயரில் நீதிமன்றப் படியேறிய இரு பல்கலைக்கழகங்களின் செயல் பாராட்டத்தக்கது.

மனமும் ஓர் அழைப்பும்

மாணவர்களின் மனநலத்துக்காக உதவி எண்கள் ஏற்படுத்தும்படி 2020 ஏப்ரலிலேயே யுஜிசி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. ஜூலை 21-ல் மத்தியக் கல்வித்துறை 'மனோதர்ப்பண்' என்ற திட்டத்தையும் கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனையையும் தொடங்கியது. எண்கள் இருந்தன. ஆனால் முன்பின் தெரியாத எண்ணுக்குத் தானே போன் செய்து 'எனக்கு மனசு சரியில்லை' என்று சொல்லும் பழக்கம் பதினெட்டு வயதுப் பையனுக்கு எங்கிருந்து வரும்? அதுவும் ஒரே அறையில் அப்பா அம்மா உட்கார்ந்திருக்க!

உதவியது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த அழைப்பு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் டியூட்டர் வார்டு முறை பழையது. இருபது முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு. தர மதிப்பீட்டுக்காக நாக் குழு கேட்கும் என்று கோப்பில் மட்டும் அதை வைத்திருந்த கல்லூரிகள் பல. ஊரடங்கில் அதை உண்மையாக எடுத்துக்கொண்ட ஆசிரியர்கள், வாரம் ஒருமுறை ஒவ்வொரு மாணவரையும் அழைத்தார்கள். சாப்பிட்டாயா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா, அப்பாவுக்கு வேலை உண்டா என்ற கேள்விகளுக்குப் பிறகே பாடம். படிப்பை விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது பெரும்பாலும் இந்த அழைப்புதான். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை, ஊதியமும் இல்லை. மாதச் சம்பளத்தில் நிச்சயமில்லாத கௌரவ விரிவுரையாளர்களும் இதைச் செய்தார்கள் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும்.

திரும்பி வந்தபோது

2020 டிசம்பரில் ஆய்வு மாணவர்களுக்கும் இறுதியாண்டினருக்கும் வளாகங்கள் பகுதியாகத் திறந்தன. திறந்த சில நாட்களில் சென்னை ஐஐடியில் தொற்று வெடித்தது. முதலில் 71 பேர்; டிசம்பர் 14 அன்று எண்ணிக்கை 104. கிருஷ்ணா, ஜமுனா விடுதிகளில் பாதிப்பு அதிகம். விடுதிகளில் இருந்த சுமார் எழுநூறு பேருக்கு ஒரே ஒரு மெஸ் திறந்திருந்ததும், அங்கே எல்லோரும் கூடியதுமே பரவலுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. துறைகளும் ஆய்வகங்களும் மூடப்பட்டன. மாணவர்கள் அறையிலேயே இருக்க, சாப்பாடு பொட்டலமாக வந்தது. நாட்டின் வசதி மிக்க வளாகங்களில் ஒன்றிலேயே, ஆய்வகத்தைத் திறக்க யோசித்த அளவுக்குச் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

2021 செப்டம்பரில் நிலைமை மேம்பட்டிருந்தது. மே 1 முதல் 18 வயது நிறைந்தவர்களுக்குத் தடுப்பூசி கிடைத்தது. கல்லூரிகளிலேயே முகாம் நடந்தது. திரும்பி வந்தவர்களிடம் ஆசிரியர்கள் கண்டது வேறு விதமான பின்னடைவு: தொடர்ந்து ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை, கையால் வேகமாக எழுத முடியவில்லை, இரண்டாம் ஆண்டில் வந்தும் நூலகம் எந்தத் திசையில் என்று தெரியவில்லை. வேலை தேடிப் போன இடங்களில் 'கொரோனா பேட்ச்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் தேர்ந்துகொண்ட பெயரல்ல அது.

அதன்பின் வந்த திட்டங்கள் சில இந்தப் பாடத்தைக் கொஞ்சம் உள்வாங்கியவை. 2022 மார்ச் 1-ல் திறன் பயிற்சிக்கான 'நான் முதல்வன்' தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தும் 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பர் 5-ல் வந்தது. ஆண் மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில். நல விடுதிகளில் கல்லூரி மாணவரின் உணவுத்தொகை 2023-ல் 1,500 ரூபாயாக உயர்ந்தது. பணம் நேராக மாணவரின் கைக்குப் போகும் ஒரு வாய்க்கால் இப்போது இருக்கிறது. 2020-ல் அது இல்லை.

ஆனால் வளாகம் மூடினால் மாணவருக்கு என்னென்ன கிடைக்க வேண்டும் என்பது இன்னும் பல்கலைக்கழக விதிகளில் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது. வளாகத்தை மூடப் பெருந்தொற்றுதான் வர வேண்டும் என்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் போதும். விடுதி மூடும் நாளிலிருந்து உணவுத்தொகை வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும். அறையில் உள்ள உடைமைக்குக் கல்லூரி பொறுப்பேற்க வேண்டும். கடனாகக் கொடுக்க மடிக்கணினிகள் ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் இருக்க வேண்டும். கட்டணப் பாக்கிக்காக வகுப்பையோ ஹால் டிக்கெட்டையோ மறுக்கக் கூடாது. ஒவ்வொரு மாணவரையும் வாரம் ஒருமுறை அழைக்கும் ஆசிரியருக்கு அது வேலைநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இவற்றை ஆட்சிமன்றக் குழுக்களும் உயர்கல்வித் துறையும் அமைதியான இந்த நாட்களில், அடுத்த சேர்க்கை தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். தேர்வு எப்படி நடத்துவது என்ற விவாதம் அதற்குப் பிறகு வரட்டும்.